மணி அடித்த பிறகு சேர்மார்

ரொறன்ரோ, மார்ச் மாதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல். ஹட்டனில் பாடம் எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து நீ ஒன்றையே கேட்கிறாய்: கனடாவில் ஹைஸ்கூல் சேர்மார், டீச்சர்மார் எப்படிப்பட்ட ஆட்கள், பாடம் முடிந்தால் என்ன செய்வார்கள் என்று. இந்தக் கடிதம் முழுக்க அதுதான்.

ஒன்ராறியோவில் ஹைஸ்கூல் என்றால் தரம் 9 முதல் 12 வரை. பெரும்பாலான இடங்களில் ஒரு பாடவேளை 75 நிமிடம், நாளுக்கு நாலு. மூன்று மணி வாக்கில் பள்ளிக்கூடம் விட்டுவிடும். நம்ம பிள்ளைகள் டியூசனுக்கு ஓடும் அந்த நேரத்தில் இங்கே கழகங்கள் கூடும். கழகம் நடத்த ஆசிரியருக்குத் தனிச் சம்பளம் இல்லை, கட்டாயமும் இல்லை. ஆகவே யாருக்கு எதில் பைத்தியமோ அதுவே கழகமாகிறது. 2012-13இல் அரசாங்கத்தோடு ஒப்பந்தத் தகராறு வந்தபோது பல பள்ளிக்கூடங்களில் முதலில் நின்றதும் இவைதான்.

கணக்கு சேர்மாரில் போட்டிக்காரர்கள் அதிகம். வாட்டர்லூ பல்கலைக்கழகம் நடத்தும் கணிதப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் பண்ணுவார்கள்: 60 நிமிடத்தில் 25 கேள்வி. பழைய தாளைக் கொடுத்துவிட்டு விடையைக் கடைசிவரை சொல்லமாட்டார்கள். பிள்ளைகள் கெஞ்சினாலும் சிரிப்புத்தான். பௌதிகவியல் சேர்மார் எதையும் வீசமாட்டார்கள். உடைந்த பிரிண்டரில் இருந்து மோட்டாரைக் கழற்றி வைத்திருப்பார்கள்.

உயிரியல்காரர்கள்தான் பொறுமைசாலிகள். இந்த மாதம் அவர்களில் சிலருக்கு மேப்பிள் பாணிக் காலம். நம்ம ஊர் கித்துள் பாணியைப் போல இதையும் சுண்டக் காய்ச்சுவதுதான், ஆனால் பூவைச் சீவுவதில்லை, அடிமரத்தில் துளை போடுகிறார்கள். விட்டம் 25 சென்ரிமீற்றருக்குக் குறைந்த மரத்தைத் தொடக்கூடாது. துளை 8 மில்லிமீற்றர் அகலம், 4 முதல் 5 சென்ரிமீற்றர் ஆழம். மரத்தின் நீர் வெளியே வடிய, துளை உள்ளே சற்று மேல்நோக்கிப் போகவேண்டும். இரவில் உறைந்து பகலில் பூச்சியத்துக்கு மேலே போனால்தான் நீர் சுரக்கும். 40 லீற்றர் நீருக்கு ஒரு லீற்றர் பாணி தேறும். மிச்சமெல்லாம் ஆவி, அதனால் வெளியே அடுப்பு மூட்டவேண்டும். அறைக்குள் காய்ச்சினால் சுவரெல்லாம் ஈரம். பொங்கி வந்தால் ஒரு துளி பட்டர் போட்டால் அடங்கும்.

இறக்கும் பதத்தில்தான் சேரின் குணம் தெரியும். கண்மதிப்பில் "சரி சேர்" என்று சொல்லும் பிள்ளையை விடமாட்டார். அன்றைக்குத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையை முதலில் அளக்கச் சொல்வார், அதற்கு மேல் 4 பாகை வந்தால் பாணி. இங்கே ஏறக்குறைய 104. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும், பதம் 98க்கு வந்துவிடும். அங்கே 104ஐப் பிடித்துக்கொண்டு நின்றால் பாணி இறுகி அடியில் கற்கண்டு கட்டும். முன்னதாக இறக்கினால் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். உன் தரம் 10 பிள்ளைகளுக்கு வளியமுக்கத்தைப் படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வரலாறு படிப்பிக்கும் சிலர் கமரா பிலிம் கழுவுவார்கள். கரைசல் 20 பாகை. கூடினால் நெகட்டிவ் கறுத்துவிடும். அதிகம் கெடுவது சுருளில் ஏற்றும்போதுதான்: பிளாஸ்டிக் சுருளில் ஈரம் இருந்தால் பிலிம் ஒட்டிக்கொண்டு பாதியில் நிற்கும். கழிவு பிலிமில் வெளிச்சத்தில் பழகி, பிறகு கண்ணை மூடிப் பழகி, அதற்குப் பிறகுதான் இருட்டறை.

நீயும் ஒரு கழகம் தொடங்கினால், உனக்குப் பொருந்துவது புவியியல்காரர்களின் பறவை பார்த்தல் என்று நினைக்கிறேன். செலவு இருகண் நோக்கிக்கு மட்டும். 8x42 என்று எழுதியதை வாங்கு. 8 என்பது உருப்பெருக்கம், 42 முன்வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில். 10, 12 என்று பெருக்கம் கூடினால் பிள்ளைகளின் கையாட்டத்தில் ஒன்றும் தெரியாது, மூட்டத்தில் படமும் மங்கும். வலக்கண்ணை மூடி நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்கவேண்டும், பிறகு இடக்கண்ணை மூடி வலப்பக்க வளையத்தைத் திருகவேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் பாதிப் பிள்ளைகள் "தெரியுது டீச்சர்" என்று பொய் சொல்வார்கள். நோக்கியால் பறவையைத் தேடவிடாதே. வெறுங்கண்ணால் பிடித்து, பார்வையை எடுக்காமல் நோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவரச் சொல். மலைநாட்டு ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் வரும், இறுக்கமான டின்னில் சிலிக்கா ஜெல்லோடு வை.

குளிர்காலத்தில் இலங்கைக்கு ஆறுமணிக்குருவி வந்துவிடும், விடியலிலும் பொழுதுசாயவும் கத்தும். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் தங்கும். பார்த்ததை ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையத்தளத்தில் பதியலாம், காசில்லை.

கழகம் கெடுவதற்கு இங்கே நான் காணும் காரணம், சேர் அதை இன்னொரு பாடவேளையாக்கி வரவுப்பதிவும் புள்ளியும் போடுவதுதான். சாவியும் பதிவுப்புத்தகமும் சேரிடமே இருந்தால் அவர் மாற்றலாகும் அன்றே கழகமும் மூடப்படும். உயர்தரப் பிள்ளைகள் இருவரிடம் கொடுத்துவிடு. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடைசி பஸ் பிரச்சினை இருப்பதால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வைக்காதே; சனிக்கிழமை காலை, அவரவர் லயத்து வீடுகளுக்குக் கிட்ட வை. எத்தனை நோக்கி வேண்டும் என்று எழுது. இரண்டு பேருக்கு ஒன்று போதும்.

அன்புடன்,
அண்ணன்