குழாயை அடைக்காமல் ஏரிக்கு நிதியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏரி சீரமைப்புக்கு அரசு நிதி ஒதுக்கிய செய்தியைச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் படித்தேன். 'இதனால் ஏரி புதுப்பொலிவு பெறும்' என்று முடித்திருந்தீர்கள். அந்தச் சொல்தான் மனதை உறுத்துகிறது. பத்து வருடங்களுக்கு முன் நிதி வந்தபோதும் இதே சொல்லைத்தான் அச்சிட்டீர்கள்.

அந்தப் பணம் என்ன ஆனது என்று தங்களுக்குத் தெரியாததல்ல. நடைபாதை போட்டார்கள், கம்பிவேலி கட்டினார்கள், விளக்குக் கம்பம் நட்டார்கள். தூர்வாரிய சேற்றைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் பாதிச் சேறு கரைந்து ஏரிக்குள்ளேயே இறங்கியது. கழிவுநீர் வந்து விழும் குழாயை மட்டும் யாரும் தொடவில்லை. நேரில் போய்க் கேட்டேன். 'அது வேறு துறை' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

போன கோடையில் ஒருநாள் விடியற்காலை கரைக்குப் போனேன். மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. உயிரோடு இருந்தவை நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சோதனைக்கு ஆள் வந்தது மறுநாள் நண்பகலில். ஆக்சிஜன் போதுமான அளவு இருப்பதாக அறிக்கை வந்தது. நான் முப்பது வருடம் வேதியியல் பாடம் நடத்தியவன். பாசி மண்டிய ஏரியில் வெயில் ஏற ஏற ஆக்சிஜனும் ஏறும், இரவில் அந்தப் பாசியே சுவாசித்து அதைத் தீர்த்துவிடும். விடியலில் அளக்காத அளவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பாசிக்குத் தீனி பாஸ்பரஸ் என்னும் சத்து, அது கழிவுநீரோடு ஏரிக்குள் வருகிறது. கனடாவில் 1973-இல் ஓர் ஏரியைத் திரைகட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள், ஒன்றில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தப் பாதி மட்டும் பச்சையாகிப் போனது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்க 1958-இல் மக்களே வாக்களித்தார்கள். 1963 முதல் 1968 வரை ஒவ்வொரு குழாயாக வேறு பக்கம் திருப்பினார்கள். சில வருடங்களில் தண்ணீர் தெளிந்துவிட்டது.

எல்லா ஏரியும் அப்படிச் சீக்கிரம் தெளியாது, அதுவும் உண்மை. ஆழம் குறைந்த ஏரியில் கழிவுநீர் வரத்தை நிறுத்திய பிறகும் அடிச்சேற்றில் படிந்த பாஸ்பரஸ் பல வருடம் மேலே வந்துகொண்டே இருக்கும். நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்துக் கணக்கை முடி என்றால் அந்தப் பணத்தில் நடைபாதைதான் போட முடியும். அப்புறம் பராமரிக்கவும் அளக்கவும் காசு இருக்காது.

தங்களிடம் கேட்பது சின்ன உதவிதான். இனி இந்த நிதி பற்றி எழுதும்போது, அதில் கழிவுநீரைத் தடுக்க எவ்வளவு என்பதையும், வேலை தொடங்கும் முன் ஏரியில் பாஸ்பரஸ் எவ்வளவு இருந்தது என்பதையும் கேட்டு இரண்டு வரி போடுங்கள். இதையே கேட்டு முன்பு இரண்டு கடிதம் எழுதினேன், வெளிவரவில்லை. இதையாவது போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்