துளையிட்ட இடங்களை மழைக்குப் பிறகு ஆய்வு செய்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழுப்பு நிலக்கரியைப் பற்றிய செய்திகளில் நிலம் எடுப்பதும் இழப்பீடும் வேலைவாய்ப்பும் விரிவாகப் பேசப்படுகின்றன. ஆனால் சுரங்கம் தோண்டப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பாகவே ஊருக்குள் வந்துபோகும் ஒரு வேலை உண்டு. நிலக்கரிப் படிமம் எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு தடிமனில் இருக்கிறது என்று அறிய வயல்களில் ஆய்வுத் துளை போடுவதே அது. துளையிட்ட இடமும், அங்கே ரிக் வண்டி போய்வர அமைத்த பாதையும் முறையாகச் சீர்செய்யப்பட்டனவா என்று பிறகு யார் பார்க்கிறார்கள் என்பது பற்றி எழுத விரும்புகிறேன்.

2023 மார்ச் இறுதியில் மத்திய நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏல அறிவிப்பில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் இடம்பெற்றதும், கடும் எதிர்ப்புக்குப் பின் ஏப்ரலில் அவை விலக்கிக்கொள்ளப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஒரு தொகுதியை ஏலத்திலிருந்து எடுத்துவிட ஓர் அறிவிப்பு போதும். எந்தத் தொகுதியிலும் ஏற்கெனவே போட்ட துளைகளை அந்த அறிவிப்பு அடைத்துவிடாது.

கடலூர் மாவட்டத்தில் இது சாதாரணச் சங்கதி அல்ல. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிமத்துக்கு அடியில் மேல்நோக்கி அழுத்தும் ஊற்று நீர் நிற்கிறது; அந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை என்று மதிப்பிடப்பட்டது. அதை இரவு பகலாக இறைத்துத் தணித்தால்தான் அங்கே கரி வெட்ட முடியும். படிமத்தைத் துளைத்துக் கீழே இறங்கும் ஆய்வுத் துளை ஒன்று அடைக்கப்படாமல் விடப்பட்டால், மேல்நீரையும் அடிநீரையும் பிரித்து வைத்திருக்கும் இயற்கைத் தடுப்பில் நிரந்தரமாக ஒரு வழி திறந்துவிடுகிறது. நீர்மட்டங்கள் இருக்கும் நிலையைப் பொறுத்து அடிநீர் வீணாக மேலேறலாம். அல்லது மேலிருக்கும் உரமும் மருந்தும் கலந்த நீர் கீழே இறங்கலாம். வாயில் நாலு கூடை மண்ணைத் தள்ளி மூடிய துளைக்கும் முறையாக அடைத்த துளைக்கும் மேலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. துளைக்குழாயை அடிவரை இறக்கி, சிமென்ட் குழம்பைக் கீழிருந்து மேலாக ஏற்றி, உறைக்குழாயை ஏர் தொடும் ஆழத்துக்குக் கீழே வெட்டி மூடுவதே சரியான முறை. எத்தனை மூட்டை சிமென்ட் இறங்கியது என்ற கணக்கைத் துளையின் ஆழத்தோடும் விட்டத்தோடும் ஒப்பிட்டாலே உண்மை பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். ஆகவே ஆய்வுக்கு வரும் அலுவலர் முதலில் கேட்க வேண்டியது அந்தக் கணக்கேட்டைத்தான்.

அடுத்தது பாதை. ரிக் வண்டியும் தண்ணீர் லாரியும் பலமுறை ஓடிய நஞ்சை நிலத்தில் மேலே ஒரு உழவு ஓட்டிவிட்டால் பார்வைக்கு எல்லாம் சரியாகிவிடும். அடிமண் மட்டும் இறுகியே கிடக்கும். நடவு முடிந்து பயிர் எழும்பும்போது, சக்கரம் ஓடிய வழி நெடுகப் பயிர் குட்டையாகவும் வெளிறியும் நிற்பதைக் கொண்டு பழைய பாதையைக் கண்டுபிடித்துவிடலாம். பாதைக்காக வெட்டிய வரப்பு, தூர்ந்த வாய்க்கால், அகற்றாமல் விட்ட குழாய்ப்பாலம் ஆகியவற்றின் குறையும் தண்ணீர் ஓடும்போதுதான் வெளியே வரும். துளையிடும் சேற்றைத் தேக்கிய குழியும் அப்படியே. சேற்றை அகற்றாமல் மேலே மண்ணைப் பரப்பி மூடியிருந்தால், முதல் வடகிழக்குப் பருவமழையில் அது உள்வாங்கும். வேலை முடிந்த வாரத்திலேயே, அதுவும் கோடையில், வந்து பார்த்துக் கையெழுத்திடும் ஆய்வு இவற்றில் எதையும் காணாது. (ஜீப் போகும் வரை மட்டுமே போகும் ஆய்வைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.)

இதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும், நிரப்பியதற்குச் சான்று பெற வேண்டும், அதிகாரிகள் திடீர் ஆய்வு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் வழிகாட்டியது. குழந்தைகளின் உயிரைக் காக்க வந்த அந்த வழிகாட்டுதல் களிமண்ணையும் மணலையும் கொண்டு நிரப்புவதையே போதுமானதாகக் கொள்கிறது. ஊற்று நீரைத் தடுக்க மணல் போதாது. நிலக்கரி அமைச்சகம் 2009 முதல் வெளியிட்டுவரும் சுரங்க மூடல் வழிகாட்டுதல்களின்படி நிறுவனங்கள் தனிக் கணக்கில் பணம் கட்டுகின்றன. ஆனால் அது சுரங்கத் திட்டத்தோடு பிணைந்த ஏற்பாடு. சுரங்கமே வராத ஊரின் வயலுக்கு அதனால் பயனில்லை. அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டு மேற்பரப்பு நிலக்கரிச் சுரங்கச் சட்டம் நிலக்கரி ஆய்வுக்காகக் கலைத்த நிலத்தையும் அதற்கென அமைத்த பாதைகளையும் மீட்டெடுப்பதைத் தனிக் கடமையாக்கியது. சுரங்கங்களைப் பொறுத்தவரை, முன்னறிவிப்பின்றி மாதம் ஒருமுறை பகுதி ஆய்வும் காலாண்டுக்கு ஒருமுறை முழு ஆய்வும் நடத்த வேண்டும் என்கிறது. மறுபடி பயிர்பச்சை பிடித்ததற்கான பொறுப்பு 5 ஆண்டுகள், மழை குறைந்த பகுதிகளில் 10 ஆண்டுகள் நிறுவனத்தின் தலையிலேயே இருக்கும். அதுவரை நிறுவனம் முன்கூட்டியே கட்டிய ஈட்டுத்தொகை முழுவதுமாக விடுவிக்கப்படாது. புகார் கொடுத்த குடிமகன் ஆய்வாளருடன் கூடவே போகவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. கேட்கும் உரிமை எழுத்தில் இருக்கிறது என்பதே என் கருத்து.

நம் மாநிலத்திலும் ஒவ்வொரு ஆய்வுத் துளையின் புல எண், ஆழம், அடைத்த நாள், சிமென்ட் அளவு ஆகியவற்றை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஒரு பருவமழை கடந்தபின், மார்கழி அல்லது தை மாதத்தில், பயிர் நிற்கும்போதே புவியியல் மற்றும் சுரங்கத் துறையும் வேளாண் துறையும் நில உரிமையாளரை உடன் வைத்துக்கொண்டு இரண்டாம் ஆய்வை நடத்த வேண்டும். அந்த உரிமையாளர் கையெழுத்திடும் வரை ஒப்பந்தக்காரரின் வைப்புத்தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்க வேண்டும். ஏற்கெனவே போட்ட துளைகளின் பட்டியலைத் தொகுதி வாரியாக வெளியிடுவதை முதல் வேலையாக அரசு மேற்கொள்ள வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நிலவியல் பணியிலிருந்து ஓய்வுபெற்ற வாசகர்,
விருத்தாசலம்.