எனக்குப் பாதி

திருகோணமலை
ஞாயிறு பின்னேரம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிறது. பிந்தியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். ஒருமுறை என் கடிதத்துக்குப் பதில் போட எட்டு மாதம் எடுத்தவன் நீ.

நம் கூட்டாளி 'புயல்' செத்ததற்கான அந்தியேட்டிக் கடன் முடிந்தது. கன்னியாவில்தான் செய்தோம். ஏழு கிணறும் நாம் சின்ன வயதில் பார்த்தபடியே இருக்கின்றன, ஒன்றில் இளஞ்சூடு, பக்கத்துக் கிணற்றில் தோல் சுருக்கென்கிற சூடு. இராவணன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று யாரோ பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் வாளியால் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றினேன். ஏழாவது வாளியோ எட்டாவதோ, கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு 700 மில்லிலீற்றர் தண்ணீரோடு இரண்டரை வருடம் சீவித்தவனுக்கு இவ்வளவு தண்ணீர் செலவழித்தா கடன் செய்கிறேன்? இருந்திருந்தால், "டேய், அளந்து ஊத்து" என்றிருப்பான்.

கடைசிக் காலம் எப்படி இருந்தது என்று கேட்டிருந்தாய். சீனி வருத்தம் அவனுடைய இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது உனக்குத் தெரியும். கிழமைக்கு இரண்டு தரம், ஒரு தரத்துக்கு நாலு மணித்தியாலம் இரத்தம் சுத்தம்செய்கிற மெசினில் படுப்பான். சலம் போவது நின்றுவிட்டால் குடிக்கிற தண்ணீர் போக வழியில்லை. காலில் நிற்கும், நெஞ்சில் நிற்கும். அதனால்தான் அந்த அளவு. ஒரு சோடாப் போத்தலில் கறுப்பு மையால் கோடு கீறி வைத்திருந்தான். விடிய அந்தக் கோடுவரை நிரப்புவது, இரவுக்குள் முடிப்பது. தேத்தண்ணி, சொதி, குளிசைக்குக் குடிக்கிறது எல்லாம் அதற்குள். செவ்விளநீரும் வாழைப்பழமும் தொடக்கூடாது, பொட்டாசியம் ஏறினால் இதயம் தாங்காது.

நாடியையும் நாளத்தையும் பொருத்தி இடது கையில் ஒரு தையல் போட்டிருந்தார்கள், மெசின் ஊசி ஏற்றுவதற்கு. அந்த இடத்தில் கை வைத்தால் உள்ளே விர்ரென்று அதிரும். முதல் நாள் பயந்து கையை எடுத்துவிட்டேன். ஆயுள் முழுக்கப் படகு எஞ்சின் திருத்தினவன் அல்லவா, "பயப்பிடாதை, பதினைஞ்சு குதிரை, ஐடில்ல நிக்குது" என்றான். அதன் பிறகு போகும்போதெல்லாம் அதில் கை வைத்துப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. செத்தவீட்டிலும் என்னையறியாமல் கை வைத்தேன் மச்சான்.

சரி, அதை விடு.

இப்போதெல்லாம் ஏன் கவிதை காணவில்லை என்று கேட்டிருக்கிறாய். இதை உனக்கு மட்டும்தான் சொல்லலாம். என் கவிதைக்கு முதல் காது அவன்தான். இலக்கியம் படித்தவன் இல்லை. ஆனால் எஞ்சினில் எந்த இடத்தில் சத்தம் பிசகுகிறது என்று கேட்டே சொல்லிவிடுகிற காது. 2004 கடல் கொண்டபிறகு நான் எழுதியது நினைவிருக்கிறதா, மூன்று பக்கம், ஊரே பாராட்டியது. அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, "கடலுக்கு ஏன்டா பல்லு வைச்சிருக்கிறாய்?" என்றான். இரண்டு மாதம் அவனோடு கதைக்கவில்லை. அப்புறம் பார்த்தால், அவன் சொன்னது சரி.

வருத்தம் வந்த பிறகு இன்னும் மோசம். மெசினில் கிடக்கும்போதுதான் வாசிக்கச் சொல்வான். நடுவில் அது கீ கீ என்று கத்தும், தாதி வருவார், பிறசர் பார்ப்பார். ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் இடையில் அடங்குகிற கவிதைதான் அவனுக்குக் கவிதை. நீண்டால், "தண்ணி கூடிப்போச்சு" என்பான். நான் இப்போது எழுதுகிற சின்ன வரியை இங்கே சிலர் என் முதிர்ச்சி என்கிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஒரு விசயம் கவனித்திருக்கிறாயா? நாம் வருத்தம் என்றால் நோய். கடலுக்கு அந்தப் பக்கம் அதே சொல் மனத் துயரம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவன் எவனோ, ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து பார்த்தவனாகத்தான் இருக்கவேண்டும்.

பள்ளிக்கூடத்தில் ஔவையார் அதியமானுக்குப் பாடிய கையறுநிலை படித்தோமே, புறநானூறு 235. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான் என்றுதான் அந்தக் கிழவி தொடங்குகிறாள். பெரிய அரசன், வேல் பாய்ந்து செத்திருக்கிறான், இவள் என்ன கள்ளுக் கணக்குப் பார்க்கிறாள் என்று அப்போது பின்வாங்கில் இருந்து நாம் சிரித்தோம். இந்த மாசிதான் எனக்கு அது விளங்கியது. நான் போனால் அவன் மனைவி பிளேன்ரீ ஒன்று கொண்டுவருவார், அவனுடைய அளவிலிருந்து. அவன் பாதி குடித்துவிட்டு மிச்சத்தை என் பக்கம் தள்ளுவான். எனக்குத் தனியாக ஊற்றித் தரச் சொன்னால் கோபம் வரும். "இது என்ர பங்கு, ஆருக்குக் குடுக்கிறதெண்டு எனக்குத் தெரியும்."

அதைத்தான் எழுதியிருக்கிறேன். ஐந்து மாதத்தில் எழுதியது இவ்வளவே:

கடல் நடுவே
ஒரு போத்தல் தண்ணீர்.
அதிலும்
எனக்குப் பாதி.

முதல் வரி அவன் இருக்கும்போதே வந்துவிட்டது, வாசித்தும் காட்டினேன். யன்னலால் டச்பே கடலைப் பார்த்துக்கொண்டு, "நடுவிலயா இருக்கிறம்? பக்கத்திலதானே" என்றான். ஒரு பேச்சுக்குத்தான்டா என்றேன். "பொய் சொல்லி அழப்பண்ணாதை" என்றான். 64 மார்கழியில், தனுஷ்கோடியைத் தூக்கிக்கொண்டு போன அதே சூறாவளி நம்மூரை அடித்த கிழமையில் பிறந்தவன், தன் பட்டப்பெயரைக்கூட ஒருநாளும் பெரிதுபடுத்தாதவன், அப்படித்தான் சொல்வான். ஆனால் 'கடல் பக்கத்தில்' என்று போட்டால் என் வாய்க்கு வரி நொண்டுகிறது. பத்துத் தரம் மாற்றி எழுதிப் பார்த்துவிட்டேன்.

வேறு புதினம் இல்லை. கோட்டை மான்கள் இப்போது றோட்டுக்கு வந்து குப்பை தின்கின்றன, பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டில் எல்லோரும் சுகம். எனக்கும் சீனி கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது, டொக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். நீயும் ஒருக்கால் இரத்தம் சோதித்துப்பார், சோம்பல்படாதே.

'நடுவே'யா, 'பக்கத்தில்'ஆ? வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிட்டு எழுது. இந்த முறை எட்டு மாதம் எடுக்காதே.

உன்,
பின்வாங்குக்காரன்