சிங்கப்பூர் அடாப்டரும் 212 பக்கங்களும்

கும்பகோணம்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாலு மாதமாக உன் போனை எடுக்கவில்லை. கல்யாண சீசன், கண் வலி, கடையில் கரண்ட் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் அனுப்பினேன். கண் வலி மட்டும் நிஜம், அதுவும் மூன்று நாள்தான். உன்னிடம் பேசினால் நம் வாத்தியார் ஐயா பாட்டும் விடுகதையும் எழுதிவைத்த நோட்டுகளைப் பற்றி நீ கேட்பாய், நான் பொய் சொல்ல வேண்டிவரும் என்றுதான் எடுக்கவில்லை. எழுத்தில் சொன்னால் நீ குறுக்கே கத்த முடியாது பார், அதனால் கடிதம்.

நம் சிநேகிதன் 'தந்தி' இதற்குள் உனக்கு ஏதாவது அடித்திருப்பான். நான் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மகாமகக் குளத்தில் போடக் கிளம்பினேன் என்று அவன் சொல்லியிருந்தால் நம்பாதே. குளத்துப் படியில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒன்றும் இல்லை.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. பெரியவள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். உன் தங்கை வீட்டு விசேஷத்துக்கு நான் வராததில் அவளுக்குக் கோபம், நியாயம்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆடி மாதம் கடையில் கூட்டம் இருக்காது என்று கம்ப்யூட்டருக்குப் புது ஓஎஸ், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம், போட்டேன். ஒன்றரை மணி நேரம் வட்டம் சுற்றியது, நாலு தடவை அணைந்து எழுந்தது, கடைசியில் 'எல்லாம் தயார்' என்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலையிலிருந்து ஆரம்பித்தது வினை. ஹார்ட் டிஸ்க் கண்ணுக்குத் தெரியும், பத்து நிமிஷத்தில் மறையும், 'டொட்டொய்ங்' என்று ஒரு சத்தம், மறுபடி வரும். கீபோர்டும் மவுஸும் ஒழுங்காக வேலை செய்கின்றன. எல்லாம் ஒரே ஹப்பில், நீ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாயே, கம்ப்யூட்டரின் ஒரு யூ.எஸ்.பி. துளையை ஏழாகப் பிரிக்கும் அந்த ஹப்பில்தான் செருகியிருக்கின்றன. பாதி வேலை செய்கிறது, பாதி செத்துப்போகிறது என்றால் யாரைச் சந்தேகப்படுவது? முதலில் உன்னைத்தான். 'மலிவு மாலாக வாங்கி என் தலையில் கட்டிவிட்டான்' என்று கடையில் நின்று வாய் நிறையத் திட்டினேன். இரண்டாவதாகக் கடைப் பையனை. அதைப் பிறகு சொல்கிறேன், அதுதான் எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

ஒரு வாரம் ஹப்பும் கையுமாக அலைந்ததில் அரை மெக்கானிக் ஆகிவிட்டேன், கேள். யூ.எஸ்.பி. 3 ஹப் என்று நாம் கையில் வைத்திருக்கும் டப்பாவுக்குள் உண்மையில் இரண்டு ஹப் குடியிருக்கின்றன. ஒன்று பழைய 2.0, நாலு கம்பி. மற்றது வேகமானது, அதற்குத் தனியாக ஐந்து கம்பி. நீலத் துளைக்குள் எட்டிப் பார்த்தால் ஒன்பது தகடு இருப்பது அதனால்தான். கீபோர்டும் மவுஸும் பழைய வழியில் போகின்றன, ஹார்ட் டிஸ்க் புது வழியில். கம்ப்யூட்டரில் மாட்டியதையெல்லாம் பட்டியல் போடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் ஒரே டப்பா இரண்டு பெயரில் நிற்கிறது. நம்மதோ நாலு பெயரில் நின்றது! பேய் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது: ஏழு துளை ஹப் என்பது பெரும்பாலும் நாலு துளைச் சிப் இரண்டு. முதல் சிப்பின் ஒரு துளையில் இரண்டாவது சிப் தொங்குகிறது. நாலும் நாலும் எட்டு, இணைப்புக்கு ஒன்று போனால் ஏழு. கடையில் எட்டு துளை ஹப் ஏன் அதிகம் கிடைப்பதில்லை என்று என்றாவது யோசித்திருக்கிறாயா? நானும் யோசித்ததில்லை.

நடுவில் மவுஸ் வேறு திக்கித் திக்கி ஓடியது. ஓஎஸ் கோளாறு என்று ஒரு நாள் முழுக்க அதையே நோண்டினேன். கடைசியில் பார்த்தால் அதற்கும் ஓஎஸ்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. யூ.எஸ்.பி. 3 கம்பிகள் வேகமாகப் பேசும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்புமாம். கம்பியில்லா மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில். இன்டெல் 2012-லேயே இதை அளந்து அறிக்கை போட்டிருக்கிறது. நான்தான் ஹப்பைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று மவுஸின் குட்டி ரிசீவரை ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்துத் துளைக்கு மாற்றியிருந்தேன். ஒரு முழ நீள ஒயரில் தள்ளி வைத்ததும் சரியாகிவிட்டது.

சரி, டிஸ்க் ஏன் விழுகிறது? உங்க அப்பா தலைமதகைத் திட்டுவாரே, அதே கதை. மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்தாலும் உங்கள் ஊர்க் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர்வதற்குள் நாற்றங்கால் காய்ந்துவிடும் என்பாரில்லையா. கம்ப்யூட்டரின் ஒரு துளையிலிருந்து வருவது 5 வோல்ட், 900 மில்லி ஆம்பியர். யூ.எஸ்.பி. 3 விதிப்படி ஒரு துளைக்கு அவ்வளவுதான் தரவேண்டும். அந்த ஒரு வாய்க்காலில் நான் கட்டியிருந்தது என்ன என்று பார்: ஸ்கேனர் ஒன்று, ஹார்ட் டிஸ்க் இரண்டு, கீபோர்டு, மவுஸ், போதாததற்கு என் போன் சார்ஜர். டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும் நேரத்தில்தான் அதிகமாக இழுக்கும். சுற்றிக்கொண்டே இருக்கும்வரை எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தது. புது ஓஎஸ் வந்ததும், சும்மா இருக்கும் ஹப்பைத் தூங்கவைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. தூங்கி எழும்போது இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகக் கிளம்பும், மடை வறண்டு போகும், எல்லாம் சேர்ந்து படுத்துவிடும்.

'அந்த ஹப்புக்குத் தனி அடாப்டர் கொடுத்தேனே' என்று நீ இப்போது கத்துவது எனக்கு இங்கே கேட்கிறது. கொடுத்தாய். சிங்கப்பூர்ப் பிளக், மூன்று சதுர முள். நம் ஊர்ப் பிளக் பாயின்ட்டில் நுழையவில்லை. பிறகு ஒரு கன்வர்ட்டர் வாங்கிக்கொள்ளலாம் என்று மேஜை டிராயரில் போட்டேன். ஆறு வருஷமாக அங்கேயே, உறை பிரிக்காமல் இருந்தது. அறுபது ரூபாய் கன்வர்ட்டர், மாப்பிள்ளை. உன்னைத் திட்டியதை எல்லாம் இந்த இடத்தில் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது பையன் விஷயம். இரண்டு வருஷம் முன்னால் வந்து சேர்ந்தானே, ஒல்லியாக, பேசவே மாட்டானே, அவன்தான். டிஸ்க் விழ ஆரம்பித்த மூன்றாம் நாள், வாடிக்கையாளர் இரண்டு பேர் நிற்கும்போதே, 'நான் இல்லாத நேரத்தில் கேம் ஏற்றி மிஷினைக் கெடுத்துவிட்டாய்' என்று அவனைக் கேட்டுவிட்டேன். கேட்டது மட்டுமில்லை, கை நீட்டி வாசலைக் காட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்கு அடுத்த வாரம் பழைய பில் புத்தகத்தைப் புரட்டினேன். பின் அட்டையில் அவன் கையெழுத்து: 'ஹப் தூங்குது. பவர் செட்டிங்கில் யூ.எஸ்.பி. சஸ்பெண்ட் ஆஃப் பண்ணிட்டேன். அடாப்டர் வாங்கணும் சார்.' தேதி இரண்டு வருஷம் முந்தியது. புரிகிறதா? இதே வியாதி அப்போதே வந்திருக்கிறது, அவனே கண்டுபிடித்து, மருந்தும் போட்டு, எனக்குச் சீட்டும் எழுதி வைத்திருக்கிறான். நான் படிக்கவில்லை. புது ஓஎஸ் போட்டபோது அந்த செட்டிங் பழையபடி திரும்பிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

அவன் வீட்டுக்குப் போனேன். நாச்சியார்கோவில் பக்கம். அவன் அம்மா காபி கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்க எனக்குச் சரியாக வரவில்லை. அவன் 'அடாப்டர் வாங்கிட்டீங்களா சார்' என்று மட்டும் கேட்டான். திரும்ப வந்துவிட்டான், சம்பளமும் ஏற்றியிருக்கிறேன். ஆனால் முன்பு கடையில் நான் சொல்லும் ஜோக்குக்கு லேசாகவாவது சிரிப்பான், இப்போது சிரிப்பதில்லை.

இதுவரை சுற்றி வளைத்துவிட்டேன். இனி நோட்டு.

ஐயாவின் நோட்டுகளை ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று பொங்கலன்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? முதல் ஒன்பது நோட்டுக்கு அது உண்மை, உன்னிடமே ஒரு பிரதி இருக்கிறது. பத்தாவதும் பதினோராவதும் ஒரே டிஸ்க்கில்தான் இருந்தன. அந்த இரண்டாவது டிஸ்க்கை நான் வாங்கியதே இவற்றைப் பிரதி எடுக்கத்தான். இரண்டையும் ஹப்பில் செருகி, ஒரு பக்கம் பிரதி ஓட, இன்னொரு பக்கம் யாரோ ஒருவரின் நிலப் பத்திரத்தை ஸ்கேன் செய்து அதே பழைய டிஸ்க்கில் சேமித்துக்கொண்டிருந்தேன். அப்போது விழுந்தது. எழுந்து வந்தபோது நோட்டு ஃபோல்டர் காலி.

'உன் கம்ப்யூட்டர், என் கம்ப்யூட்டர் இரண்டிலும் திறக்கவேண்டும், எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் பண்ணு' என்று சொன்னவன் நீ. உன்மேல் பழி போட இதுதான் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே இடம், விட்டுக்கொடு. எக்ஸ்ஃபேட் என்பது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒரு முறை, அதில் நாள்குறிப்பு எழுதும் வழக்கம் கிடையாது. எழுதும் நடுவில் ஒயரைப் பிடுங்கினால் எந்த வேலை எதுவரை நடந்தது என்று திரும்பிப் பார்க்க அதற்கு வழியில்லை. 'டிஸ்க்கில் பிழை, சரிசெய்யட்டுமா' என்று கேட்டது. அந்தப் பதற்றத்தில் 'சரி' என்று அழுத்தினேன். அழுத்தியிருக்கக் கூடாது. முதலில் டிஸ்க்கை அப்படியே முழுசாக இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட்டு, நகலில்தான் கை வைத்திருக்க வேண்டும். பையன் இருந்திருந்தால் சொல்லியிருப்பான். அவனைத்தான் துரத்திவிட்டேனே.

சரிசெய்து முடித்ததும் ஒளிந்திருந்த ஒரு ஃபோல்டரில் பெயரில்லாத கோப்புகளாக வந்து குவிந்தன. எல்லாவற்றுக்கும் சி.எச்.கே. என்ற வால், வெறும் எண். படக்கோப்பின் வாலை மாட்டிப் பார்த்தால் திறந்தது. ஐயாவின் கையெழுத்து! அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதைத் தந்தியிடம் சொல்லவில்லை, உனக்கும் சொல்லப்போவதில்லை. மொத்தம் 212 பக்கம் மீண்டிருக்கிறது. ஏழோ எட்டோ பக்கம் பாதிக்கு மேல் சாம்பல் பட்டை. ஆனால் எது எந்த நோட்டு, எது முன்னே, எது பின்னே என்று ஒரு அடையாளமும் இல்லை. வகுப்பில் நமக்குப் பக்க எண் போடாவிட்டால் அரை மார்க் குறைப்பாரே, தன் நோட்டில் ஒரு பக்கத்துக்கும் எண் போடவில்லை மனுஷன்.

அவர் மகளிடம் நோட்டுகளைத் திரும்பக் கேட்கலாம்தான். 'ஒரு தடவைதான் தருவேன் அண்ணா' என்று சொல்லித்தான் கொடுத்தது அந்தப் பெண். பெங்களூருக்கும் போய்விட்டது. கேட்டால் தராது என்றில்லை. நான் எப்படித் தொலைத்தேன் என்று கேட்கும், அதற்குத்தான் வாய் வரவில்லை.

அதனால் இப்போது ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரிசைப்படுத்துகிறேன். நடவுப் பாட்டு நோட்டு எளிதாகப் போகிறது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினால், 'இது இப்படி இல்லைடா, நடுவில் ஒன்று விட்டுவிட்டாய்' என்று அடுத்த அடியைப் பாடிவிடுகிறாள். விட்ட பக்கத்தை அந்த அடியை வைத்தே தேடி எடுக்கிறேன். புரை எடுத்த கண்ணோடு ராத்திரி பத்து மணிவரை உட்காருகிறாள். போய்ப் படு என்றால் கேட்பதில்லை. ஒரு பாட்டுக்கு மட்டும் ஐயா எழுதியதே தப்பு என்று அடம் பிடிக்கிறாள். அதை அப்படியே விட்டுவிட்டு ஓரத்தில் அம்மா சொன்னதையும் குறித்திருக்கிறேன்.

விடுகதை நோட்டுதான் உயிரை வாங்குகிறது. ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி, அதற்கு மறுபக்கம் முழுக்க விடை, அதுவும் தலைகீழாக. நாம் பார்த்துவிடக் கூடாதாம்! 'ஒற்றைக் காலில் ஆடுவான், ஓய்ந்துபோனால் படுப்பான்' மாதிரி பம்பரம் எல்லாம் நமக்கே தெரியும். பாதிக்கு மேல் உங்கள் கடைமடைப் பக்கத்துச் சொல்லாக இருக்கிறது, மீன் பேர், உப்பளத்து வேலை, ஓடத்துச் சாமான். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. விடை தெரிந்தால்தான் எந்தக் கேள்விப் பக்கத்துக்கு எந்த விடைப் பக்கம் ஜோடி என்று சேர்க்க முடியும்.

ஆக, இந்தக் கடிதத்தோடு 38 பக்கம் தனியாக அனுப்புகிறேன். கேள்வி 19, விடை 19. உன் அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொள், அவளுக்குத் தெரிந்திருக்கும். தீபாவளிக்குள் சேர்த்து அனுப்பினால் போதும், அவசரமில்லை. இல்லை, அவசரம்தான்.

அப்புறம், பழைய ஞாபகத்தில் எல்லாவற்றுக்கும் 'தேங்காய்' என்று எழுதி அனுப்பாதே. ஒரே ஒரு விடைப் பக்கத்தில் நிஜமாகவே தேங்காய் இருக்கிறது. அதை மட்டும் நானே ஜோடி சேர்த்துவிட்டேன்.

உன்
பழைய அறைக்காரன்

பின்குறிப்பு: அடாப்டரைக் கன்வர்ட்டரில் மாட்டி, ஒரு மாதமாக ஹப் ஒரு தடவைகூட விழவில்லை. நல்ல ஹப்தான்.