மகளுக்கு, அந்தப் பாலிசி பற்றி

பாப்பா,

நீ போன் எடுக்கவில்லை என்பதற்காக இதை எழுதவில்லை. உன் ரோஸ்டர் எனக்குத் தெரியும். அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. சித்தி விஷயத்தை அம்மாவே சொல்வாள்.

மெடிக்கலில் தேறாமல் விமானி லைசென்ஸ் போனால் பணம் தரும் அந்த லைசென்ஸ் பாலிசி என்ன ஆயிற்று? கேட்டால் "கம்பெனியே போட்டிருக்குப்பா" என்கிறாய். அது பெரும்பாலும் அந்த வேலையில் இருக்கும்வரைதான். பத்திரத்தை முழுசாகப் படி. மெடிக்கலைத் தற்காலிகமாக நிறுத்தினாலே மாதாமாதம் பணம் வருமா, நிரந்தரமாகப் போனால்தான் மொத்தமாகத் தருவார்களா? காத்திருப்புக் காலம் 90 நாள் என்றால் வீட்டுக் கடன் அதுவரை காத்திருக்காது. சாதாரண ஊனக் காப்பீட்டை இதற்கு ஈடு என்று நினைக்காதே. உன்னால் நடக்க முடியும், கார் ஓட்ட முடியும், ஆபீஸில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க முடியும், விமானம் மட்டும் ஓட்டக்கூடாது என்றால், "வேறு வேலை பாருங்கள்" என்று கைவிரித்துவிடுவார்கள். மனநலக் காரணம் என்றால் பணமே தராத பாலிசியும் உண்டு. எதற்கும் பத்திரத்தைப் படி.

கேப்டனாகித் தோளில் நாலாவது கோடு வாங்கிய அன்று நீ அனுப்பிய போட்டோ இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டியாகிவிட்டது. அந்தக் கேப்டனம்மாவுக்கு மூன்று வாரமாக அப்பாவிடம் "ம்", "சரி" தவிர வேறு பேச்சில்லை.

போன தடவை பேசும்போது வலது காதிலிருந்த இயர்போனைக் கழற்றி இடது காதில் மாட்டிக்கொண்டாய். மூன்று முறை "என்னப்பா?" என்றாய். லைன் சரியில்லை என்றாய். சரி.

கிளாஸ் 1 மெடிக்கல் 12 மாதத்துக்கு ஒருமுறைதானே? அப்படியென்றால் உனக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை முந்தாநாள் வேறு மாதிரி எழுதியிருந்தேன். "முதலில் பாலிசியைப் போடு, டாக்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று. எழுதிவிட்டுக் கிழித்துப்போட்டேன். நான் செய்தது அதுதான், பாப்பா.

கப்பலில் ஆள் குறைத்தார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். பொய். எனக்கு ரத்த அழுத்தம் இருந்தது. எங்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு மெடிக்கல். அதற்கு நாலு நாள் முன்னாலிருந்து மாத்திரையை இரண்டிரண்டாகப் போட்டுக்கொண்டு போவேன். பாலிசிப் படிவத்தில் "ஏதாவது நோய்க்கு மருந்து எடுக்கிறீர்களா" என்று ஒரு கட்டம். "இல்லை"யில் டிக் அடித்தபோது அந்த மாத்திரை அட்டை என் சட்டைப் பையில்தான் இருந்தது. இன்ஜின் ரூமில் மயங்கி விழுந்து, தகுதியில்லை என்று இறக்கிவிட்ட பிறகு கிளெய்ம் போட்டேன். பழைய மருந்துச் சீட்டைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஒரு பைசா வரவில்லை. அம்மா ராத்திரியெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்தது அதனால்தான். சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று நீ அழுவாய்.

உடம்பில் ஏதாவது இருந்தால் முதலில் டாக்டரிடம் போ. மெடிக்கலிலும் சொல். பாலிசிக்காரனிடமும் சொல். அந்த ஒரு கோளாறை விலக்கிவிட்டு மற்றதுக்குத் தருவார்கள், தராமலும் போகலாம். போகட்டும். பத்திரத்தையும் படி.

நேரம் கிடைத்தால் கூப்பிடு. நான் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறேன்.

அப்பா