சும்போன் ஸ்ரீயாபை பள்ளியின் ஆசிரியர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

மலேசியாவில் ரப்பர்த் தோட்டக் குடும்பமொன்றில் பிறந்தவன் நான். தாய்லாந்தின் தெற்கே இருக்கும் ஒரு மாகாணப் பள்ளியின் வரலாற்றில் இவனுக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். வேலை இருக்கிறது.

1941 டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானியப் படை சும்போன் கரையில் இறங்கியது. தா நாங் சாங் பாலத்தருகே அதை எதிர்த்து நின்றவர்களில் மாணவர் படையில் இருந்த உங்கள் பள்ளிப் பையன்களும் இருந்தார்கள். அவர்களை நடத்திச் சென்ற கேப்டன் தவின் நியோம்சென் அங்கேயே குண்டடிபட்டு இறந்தார். பாங்காக்கில் அன்று காலையிலேயே அரசு சண்டையை நிறுத்த இசைந்துவிட்டது. அந்தச் செய்தி சும்போனுக்கு வந்து சேர்வதற்குள் அரை நாள் ஓடிவிட்டது. அந்த அரை நாளில்தான் எல்லாம் நடந்தது. அதே மாதம் 21-ஆம் தேதி தாய்லாந்துப் பிரதமர் பிபுனின் அரசு ஜப்பானுடன் கூட்டணி உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. காயம் ஆறுவதற்குள் எதிரி நண்பனாகிவிட்டான். வகுப்புக்குத் திரும்பிய பையன்களிடம் இதை எந்த ஆசிரியர் எப்படி விளக்கினார் என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகுநாளாக ஆசை.

பாலத்தருகே இன்று அந்த மாணவர் படைக்கு நினைவுச் சின்னம் நிற்கிறது. நிற்கத்தான் வேண்டும்.

நான் கேட்க வந்தது அடுத்த அத்தியாயத்தைப் பற்றி. அந்தக் கூட்டணியின் பேரில்தான் 1943-இல் சும்போனிலிருந்து ரனோங் பக்கமுள்ள காவ் ஃபாச்சி வரை, ஏறக்குறைய 90 கிலோமீட்டருக்கு, ஜப்பானியர் ரயில் பாதை போட்டார்கள். அதற்கு மண் வெட்டிச் சுமந்தவர்களில் பலர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள். எங்கள் லயங்களில் யாரும் தாய்லாந்து என்று சொன்னதில்லை, சயாம்தான். "சயாமுக்குப் போனவர்" என்றால் அதற்கு மேல் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையின் காஞ்சனபுரிப் பாலத்தைப் பார்க்க உலகமே வருகிறது. உங்கள் ஊர்ப் பாதைக்கு அந்தப் பேரும் இல்லை. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தாயிற்று, பேட்காசெம் நெடுஞ்சாலையில் ரனோங் போகும் பஸ்கள் அதன் தடத்தை ஒட்டியே ஓடுகின்றன.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வரலாற்று வகுப்புப் பிள்ளைகளை ஒரு பருவத்துக்கு அந்தத் தடத்தில் அனுப்புங்கள். கொட்டகைகள் எங்கே இருந்தன, காலராவில் செத்தவர்களை எங்கே புதைத்தார்கள், தப்பி ஓடியவர்களுக்கு எந்த வீட்டில் சோறு போட்டார்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரட்டும். நேரில் பார்த்தவர்கள் அநேகமாக இனி இல்லை. அவர்கள் சொல்லக் கேட்டவர்களாவது இருப்பார்கள். கிடைப்பது நான்கு பக்கமே ஆனாலும் பள்ளி நூலகத்தில் ஒரு படியும் எங்களுக்கு ஒரு படியும் போதும்.

உங்கள் மொழியிலேயே எழுதி அனுப்புங்கள். படித்துச் சொல்ல ஆள் தேடிக்கொள்வது எங்கள் பாடு.

அன்புடன்,
சயாமுக்குப் போன ஒருவரின் பேரன்