கயலுக்கு: அந்தக் கேலக்ஸிகள் நிஜமாகவே சின்னவையா?

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிடையச்சில் ரெட்ஷிஃப்ட் (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு; அது கூடக் கூட தூரமும் கூடும், நாம் பார்க்கும் காலமும் பழையது), நெடுக்கச்சில் கேலக்ஸியின் ஆரம். வலது பக்கம் போகப் போகப் புள்ளிகள் எல்லாம் சரிந்து இறங்குகின்றன. "தூரத்தில் இருப்பவை சின்னவை, அப்படியென்றால் கேலக்ஸிகள் காலப்போக்கில் வளர்ந்திருக்கின்றன, அறிக்கையில் எழுதிவிடலாமாம்மா?" என்று கேட்டிருக்கிறாய். எழுதலாம், ஆனால் இப்போதே வேண்டாம். அந்தச் சரிவில் கேலக்ஸியின் பங்கு எவ்வளவு, உன் படத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்காமல் எழுதினால் உன் கைடு முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார்.

எந்தக் கேலக்ஸியும் நம் கண்ணெதிரே வளர்வதில்லை. சூரியன் பால்வெளியை ஒருமுறை சுற்றி வரவே 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நம் கையில் இருப்பது, பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகளை ஒட்டிய ஆல்பம். ஒரு வயதுப் படம் ஒரு வீட்டுப் பிள்ளை, பத்து வயதுப் படம் இன்னொரு வீட்டுப் பிள்ளை. அதை வைத்துத்தான் வளர்ச்சியைச் சொல்ல வேண்டும். ஆகவே இரண்டு பக்கங்களையும் ஒரே கேமராவில் எடுத்ததுபோல ஆக்குவதிலேயே இந்த வேலையின் முக்கால்வாசி போய்விடும்.

முதலில் ஒளி குறைவது. சதுர வில்விநாடிக்கு (வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு) எவ்வளவு ஒளி வருகிறது என்பதுதான் பரப்புப் பிரகாசம். விரியும் பிரபஞ்சத்தில் அது ரெட்ஷிஃப்டோடு ஒன்றைக் கூட்டி, அதன் நான்காம் அடுக்கால் வகுத்த அளவுக்குக் குறையும். ரெட்ஷிஃப்ட் 1-ல் 16 மடங்கு, 2-ல் 81, 3-ல் 256. மேக்னிட்யூடில் (வானியலின் பிரகாச அளவு, எண் கூடினால் ஒளி குறைவு) சொன்னால் 3, 4.8, 6. சுருள் கேலக்ஸியின் நடுப்பகுதி இதைத் தாங்கும். வெளித்தட்டு தாங்காது, இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். மிஞ்சியதை மட்டும் அளந்தால் ஆரம் சின்னதாகத்தான் வரும்.

அடுத்து, உன் வரைபடத்தின் இடது பக்கப் புள்ளிகள் ஸ்லோன் சர்வே படங்களிலிருந்து வந்தவை, வலது பக்கம் ஜேம்ஸ் வெப். நியூ மெக்ஸிகோவில் இருக்கும் 2.5 மீட்டர் தொலைநோக்கிக்கும் விண்வெளியில் இருக்கும் 6.5 மீட்டருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. ஸ்லோனில் ஒரு நட்சத்திரம் சுமார் 1.3 வில்விநாடிக்குப் பரவித் தெரியும். வெப்பின் 1.5 மைக்ரோமீட்டர் ஃபில்டரில் 0.05 வில்விநாடிதான். இதைக் கேலக்ஸியின் தூரத்தோடு பெருக்கிப் பார். ரெட்ஷிஃப்ட் 0.05-ல் ஒரு வில்விநாடி ஏறக்குறைய 1 கிலோபார்செக் (சுமார் 3,260 ஒளியாண்டு), ஆக ஸ்லோனின் மங்கல், அதாவது ஒளி பரவும் அகலம், 1.3 கிலோபார்செக். ரெட்ஷிஃப்ட் 2-ல் ஒரு வில்விநாடி 8.4 கிலோபார்செக், வெப்பின் மங்கல் 0.4 மட்டுமே. பக்கத்தில் இருப்பதைவிட ஆயிரம் கோடி ஆண்டு பழையதை நீ மும்மடங்கு கூர்மையாகப் பார்க்கிறாய்! சின்ன கேலக்ஸிகளை ஸ்லோன் ஊதிப் பெரிதாக்கிக் காட்டியிருக்கும், வெப் அப்படிச் செய்யாது. உன் சரிவில் ஒரு பங்கு இதுவாகவே இருக்கலாம்.

தரையிலிருந்து எடுத்த படங்களில் இன்னொரு தொல்லை, வானமே ஒளிர்வது. நிலவில்லாத இரவில் நல்ல மலையுச்சியிலும் வானம் சதுர வில்விநாடிக்கு சுமார் 22 மேக்னிட்யூட். நீ தேடும் வெளித்தட்டு 27 என்று வை. ஐந்து மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் நூறில் ஒரு பங்கு. அதாவது ஃப்ளாட் படத்தில் (டிடெக்டரின் ஒவ்வொரு பிக்சலும் ஒளியை எவ்வளவு உணர்கிறது என்று காட்டும் படம்) ஒரு சதவீதம் பிசகினால், இல்லாத ஒளிவட்டம் முளைக்கும், இல்லையேல் இருக்கும் தட்டு காணாமல் போகும். அதனால்தான் பயஸை (ஒளியே இல்லாதபோதும் டிடெக்டர் காட்டும் அளவை) கழித்து ஃப்ளாட்டால் வகுத்ததோடு யாரும் நிறுத்துவதில்லை. ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் தொலைநோக்கியைச் சில வில்விநாடி நகர்த்தி எடுத்து, கேலக்ஸிகளையும் நட்சத்திரங்களையும் தாராளமாக மறைத்துவிட்டு, மிச்சமுள்ள வெற்று வானத்தின் மீடியனைக் கொண்டு ஃப்ளாட்டைத் திருத்துவார்கள். நகர்த்தாமல் எடுத்தால் கெட்டுப்போன பிக்சல் எப்போதும் வானத்தின் ஒரே இடத்தில் உட்காரும், எத்தனை படம் சேர்த்தாலும் போகாது. ஸ்லோனின் பழைய வெளியீடுகளில் பெரிய கேலக்ஸிகளைச் சுற்றி வானத்தை அதிகமாகக் கழித்துவிட்டார்கள் என்பது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. எட்டாம் வெளியீட்டில் அதைத் திருத்தினார்கள். நீ எதை இறக்கியிருக்கிறாய் என்று பார்த்துக்கொள்.

கேல்ஃபிட் நிரலில் ஆரம் எடுத்ததாகச் சொன்னாய். செர்சிக் எண் (ஒளி நடுவில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்று காட்டும் எண்) 8-ல் போய் முட்டிக்கொண்டு நிற்கும் கேலக்ஸிகள் உன் பட்டியலில் எத்தனை என்று எண்ணிப் பார். அது பெரும்பாலும் கேலக்ஸியின் குணமாக இருக்காது. வானத்தின் அளவு தப்பாக இருக்கும், பக்கத்துக் கேலக்ஸியை மறைக்காமல் விட்டிருப்பாய், அல்லது நடுவில் கருந்துளையின் புள்ளி ஒளி இருக்கும். எதுவானாலும் ஆரத்தை நம்பாதே. நட்சத்திரத்தின் பரவல் வடிவத்தையும் கணினி மாதிரியிலிருந்து அப்படியே எடுக்காதே. படங்களைத் துண்டு துண்டாக இணைக்கும்போது அது இன்னும் கொஞ்சம் அகலும். அப்படி இணைத்த உன் மொஸைக்கிலேயே நிரம்பி வழியாத, தனியாக நிற்கும் நட்சத்திரங்களைப் பொறுக்கி அவற்றிலிருந்து செய்.

எந்த ஃபில்டரில் அளந்தாய் என்பதும் முக்கியம். ஹப்பிளின் 606 நானோமீட்டர் ஃபில்டரில் ரெட்ஷிஃப்ட் 2 கேலக்ஸியைப் பார்த்தால், அங்கிருந்து கிளம்பியபோது அது 202 நானோமீட்டர் புற ஊதா. புதிதாகப் பிறந்த நட்சத்திரக் கூட்டங்கள் மட்டும் பொட்டுப்பொட்டாகத் தெரியும், வயதான நட்சத்திரங்களின் தட்டு தெரியாது. ஹப்பிள் படங்களில் உருக்குலைந்ததாகத் தெரிந்த பல கேலக்ஸிகள் வெப்பின் அகச்சிவப்பில் ஒழுங்கான தட்டுகளாகத் தெரிந்தன. ரெட்ஷிஃப்ட் 2-க்கு 1.5 மைக்ரோமீட்டர் ஃபில்டரை எடு, அது அங்கே 0.5 மைக்ரோமீட்டர், ஸ்லோனின் பச்சை ஃபில்டருக்குப் பக்கம். ஒவ்வொரு ரெட்ஷிஃப்டுக்கும் ஃபில்டரை மாற்றிக்கொண்டே போ. அப்படி மாற்றும்போது கூர்மையும் மாறும் (4.4 மைக்ரோமீட்டரில் 0.15 வில்விநாடியை எட்டிவிடும்), அதையும் கணக்கில் வை.

இவ்வளவையும் ஒரே சோதனையில் பிடிக்க வழி இருக்கிறது, அதை மட்டும் நீ தவறாமல் செய்ய வேண்டும். பக்கத்துக் கேலக்ஸிகள் நூறு எடு. ஆனால் ரெட்ஷிஃப்ட் 0.015-க்கும் கீழே எடு, இல்லாவிட்டால் ஸ்லோனின் மங்கல் ஏற்கெனவே வெப்பின் மங்கலைவிடப் பெரிதாகிவிடும், பிறகு அதைக் கூர்மையாக்க வழியே கிடையாது. ஒவ்வொன்றையும் ரெட்ஷிஃப்ட் 2-ல் தெரியும் அளவுக்குச் சுருக்கி, 81-ஆல் வகுத்து, அந்த ஃபில்டரின் பரவலோடு கலந்து, உன் மொஸைக்கின் வெற்று இடத்தில் ஒட்டு. வெற்று இடம் என்றால் நிஜமான படத்தில், அதன் நிஜமான இரைச்சலோடு. அப்புறம் அசல் கேலக்ஸிகளை அளந்த அதே நிரலை, ஒரு அமைப்பையும் மாற்றாமல், இவற்றின் மேல் ஓட்டு. உள்ளே போட்ட ஆரத்துக்கும் வெளியே வந்த ஆரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உன் படத்தின் பங்கு. எத்தனை கேலக்ஸி கண்டுபிடிக்கப்படாமலே போயிற்று என்பதையும் குறித்துக்கொள். பாதி தொலைந்துபோகும் பரப்புப் பிரகாசத்துக்குக் கீழே உன் முடிவு எதுவும் செல்லாது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: அந்தக் காலத்து நட்சத்திரங்கள் இளமையானவை, ஆகவே ஒளி அதிகம். வெறுமனே 81-ஆல் வகுப்பது கொஞ்சம் கொடுமையான சோதனை. ஒளி அதிகரிப்பைச் சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை ஓட்டு.

இதெல்லாம் போன பிறகும் வளர்ச்சி மிஞ்சும், பயப்படாதே. ஒரே நட்சத்திர நிறையில் ஒப்பிட்டால், புதிதாக நட்சத்திரம் பிறக்காத கேலக்ஸிகள் ரெட்ஷிஃப்ட் 2-ல் இன்றைய ஆரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நட்சத்திரம் பிறந்துகொண்டிருப்பவை பாதிக்குச் சற்றுக் குறைவு. இதிலும் ஒரு பொறி உண்டு. இன்று அமைதியாக இருக்கும் கேலக்ஸிகளில் பல, அன்று அமைதியாக இருக்கவில்லை. பின்னால் வந்து சேர்ந்தவை பெரிதாகவே வந்து சேர்ந்தன. ஒரு கேலக்ஸிகூட வளராமல், சராசரி மட்டும் வளர்ந்ததுபோலத் தெரியலாம். உன் அறிக்கையில் 'சராசரி ஆரம்' என்று எழுது, 'கேலக்ஸிகள் பெருத்தன' என்று எழுதாதே.

இனி உன் வரைபடத்தின் கிடையச்சு. ஃபில்டர் நிறங்களை வைத்து ஊகித்த ரெட்ஷிஃப்டையும் நிறமாலையில் அளந்ததையும் ஒரே நிறப் புள்ளியில் போட்டிருக்கிறாய். பிரித்துப் போடு. சியர்ஸ்-93316 என்ற கேலக்ஸியின் கதை உனக்குத் தெரிந்திருக்கும். வெப்பின் முதல் படங்களில் அது குறுகிய அலைநீள ஃபில்டர்களில் மறைந்து நீண்டவற்றில் பளிச்சென்று தெரிந்தது. ரெட்ஷிஃப்ட் 16-க்கும் மேல், பெருவெடிப்புக்குப் பிறகு 25 கோடி ஆண்டுகூட ஆகாத காலம் என்று கணித்தார்கள். 2023-ல் நிறமாலை எடுத்தபோது வெறும் 4.9. தூசு நிறைந்த கேலக்ஸி அது. அதன் ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் கோடுகள் சரியாக நீண்ட அலைநீள ஃபில்டர்களுக்குள் விழுந்து ஒளியைக் கூட்டிக் காட்டின. குறுகிய பக்கத்தைத் தூசு மறைத்தது. அதே சியர்ஸ் சர்வேயில் வந்த மெய்ஸி கேலக்ஸி நிறமாலையிலும் தப்பித்து, 11.4 என்று நின்றது. நிறத்தை வைத்துக் கணிப்பது எப்போதும் தப்பாகாது. தப்பானால் கொஞ்சமாகத் தப்பாகாது, அதுதான் சிக்கல்.

நிறமாலை இருந்தாலும் ஒரே ஒரு கோடுதான் தெரிகிறது என்றால் அவசரப்படாதே. 9188 ஆங்ஸ்ட்ரமில் (ஒரு ஆங்ஸ்ட்ரம் 0.1 நானோமீட்டர்) ஒரு கோடு என்று வை. ஹைட்ரஜன் ஆல்ஃபா என்றால் ரெட்ஷிஃப்ட் 0.40. 5007 ஆக்ஸிஜன் கோடு என்றால் 0.84. 3727 ஆக்ஸிஜன் என்றால் 1.47. லைமன் ஆல்ஃபா என்றால் 6.56. 5007-ஆக இருந்தால் பக்கத்திலேயே மூன்றில் ஒரு பங்கு பலத்தோடு 4959 கோடு இருந்தாக வேண்டும். 3727 உண்மையில் இரட்டைக் கோடு, இங்கே 7 ஆங்ஸ்ட்ரம் இடைவெளியில் விழும், பகுதிறன் 600 உள்ள கருவியில் ஒன்றாகவே தெரியும், 3000-ல் பிரிந்துவிடும். லைமன் ஆல்ஃபா என்றால் நீலப் பக்கம் வெட்டுப்பட்டுச் சாய்ந்திருக்கும். தரையிலிருந்து எடுத்ததென்றால், நம் வளிமண்டலத்தின் ஹைட்ராக்சில் கோடுகளும் இந்தப் பகுதியில்தான் குவிந்திருக்கின்றன. கழித்த மிச்சமே கோடுபோல நிற்கும். கழிக்காத வானத்தின் நிறமாலையைக் கீழே வைத்துப் பார்க்காமல் எந்தக் கோட்டுக்கும் பெயர் வைக்காதே.

ரெட்ஷிஃப்ட் துல்லியம் எதற்கு என்று கேட்டால், உனக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. புனேயிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், நாராயண்காவ் அருகே, ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியின் 45 மீட்டர் அகலக் கிண்ணங்கள் முப்பது நிற்கின்றன. நட்சத்திரம் பிறக்க வேண்டிய ஹைட்ரஜன் வாயு 1420.4 மெகாஹெர்ட்ஸில் பேசும். ரெட்ஷிஃப்ட் 1-லிருந்து வந்தால் 710. அவ்வளவு தூரத்தில் தனித்தனிக் கேலக்ஸியாகக் கேட்காது. 2020-ல் ஆதித்ய சௌத்ரி, நிஸிம் கானேகர் குழுவினர், ஹவாயின் கெக் தொலைநோக்கியில் ஏற்கெனவே ரெட்ஷிஃப்ட் அளந்திருந்த 7,653 கேலக்ஸிகளின் சிக்னலை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துத்தான் அதைக் கேட்டார்கள். கணக்குப்படி இரைச்சல் 87-ல் ஒரு பங்காகும். ஆனால் 710-ல் ஒரு மெகாஹெர்ட்ஸ் பிசகு என்பது விநாடிக்கு 420 கிலோமீட்டர், ஒரு கேலக்ஸியின் கோடு முழுவதுமே ஏறக்குறைய அவ்வளவுதான். நிறத்தை வைத்து ஊகித்த ரெட்ஷிஃப்டில் மூன்று சதவீதப் பிழை சாதாரணம், அது 21 மெகாஹெர்ட்ஸ். சேர்த்தால் ஒன்றும் மிஞ்சாது. இதற்கு மேல் செல்போன் கோபுரங்கள் வேறு. 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அதாவது ரெட்ஷிஃப்ட் 0.5-0.6-ல், அவற்றின் சத்தம்தான். அவர்கள் கண்டது: அன்றைய கேலக்ஸிகள் நட்சத்திரம் பெற்றெடுத்த வேகத்துக்குக் கையிருப்பு வாயு 100-லிருந்து 200 கோடி ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். வெளியிலிருந்து போதிய வாயு வந்து சேராமல் போயிருக்கலாம். நட்சத்திரப் பிறப்பு உச்சத்தில் இருந்த ஆயிரம் கோடி ஆண்டுக்கு முந்தைய நிலையிலிருந்து இன்று பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம் என்றார்கள். உன் ஆரங்களை இந்த வாயுக் கணக்கோடு இணைத்துப் படிக்க முடியுமா என்று பிறகு யோசிக்கலாம்.

இந்த வாரம் அந்த நூறு கேலக்ஸிகளை ஒட்டும் வேலையை ஆரம்பித்துவிடு. கிடையச்சில் உள்ளே போட்ட ஆரம், நெடுக்கச்சில் வெளியே வந்த ஆரம், புள்ளியின் நிறம் பரப்புப் பிரகாசம். அந்தப் படம் வந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா

பி.கு.: வெப்பின் குறுகிய அலைநீளப் படங்களில் புகைபோல ஒரு மெல்லிய ஒளித்திட்டு சில டிடெக்டர்களில் எப்போதும் ஒரே இடத்தில் வரும், சிதறி உள்ளே வந்த ஒளி அது. ஒட்டும் இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே போய் ஒட்டிவிடாதே.